இழைப்புளிக்கு ரசீது

கூட்டம் முடிஞ்சு டீக்கடையில் நிற்கும்போது தோழர் ஒருத்தர் கேட்டார்: “என்ன வாத்யாரே, ரிட்டயர் ஆகி ஆசாரி ஆயிட்டீங்களாமே?” பக்கத்தில் இருந்த நாலு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். அவர் விடவில்லை. “குலத்தொழில உதறுங்க, கிராமத்த விட்டு வெளியேறுங்கன்னு பாபாசாகேப் சொன்னார். நீங்க ராட்டைக்குப் பதிலா இழைப்புளிய எடுத்துக்கிட்டு காந்தியார் பின்னால போறீங்க. நாளைக்குப் பசங்களுக்கும் இதத்தான் சொல்லிக் குடுப்பீங்களா?”

நின்ன இடத்தில் பதில் வரவில்லை. எனக்கு எப்பவும் பதில் பஸ் ஏறின பிறகுதான் வரும். அதனால் எழுதுகிறேன். அந்தத் தோழர் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்தான்.

தச்சுவேலை எங்கள் குலத்தொழில் கிடையாது தோழர். பறையடி, பிணம் சுடு, செத்த மாட்டைத் தூக்கு, பண்ணையில் கிட என்று எங்கள் தலையில் கட்டினார்களே, அதைத்தான் உதறச் சொன்னார் அம்பேத்கர். உளியை எங்க தலையில யாரும் கட்டல. கிட்டப் போனாலே விரட்டினான். ‘சாதி ஒழிப்பு’ நூலை 1936இல் வெளியிட்டபோது, தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்கவும் மாற்றிக்கொள்ளவும் மனிதனுக்கு உரிமை இல்லாமல் செய்ததைச் சாதியின் பெரிய கேடுகளில் ஒன்றாக வைத்து அவர் வாதாடினார். அப்படியானால் எங்களுக்கு மறுக்கப்பட்ட ஒரு தொழிலின் கருவியை நான் கையில் எடுப்பது குலத்தொழிலுக்குத் திரும்பிப் போவதா, இல்லை வேலி தாண்டுவதா? காந்தியார் பெயரைச் சொல்லி என்னை மடக்குகிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

இனி பெட்டி விஷயம். எங்க நைனா கோலார் தங்கவயலில் டிம்பர்மேன். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து சனம் சனமாக அங்கே போனது. மண்ணுக்கு அடியில் இறங்கினவர்களில் பெரும்பாலானவர்கள் நம்ம ஆட்கள். அயோத்திதாசரின் பௌத்த சங்கத்துக்கு மாரிக்குப்பத்தில் கிளை இருந்ததும், அப்பாதுரையார் சித்தார்த்தா அச்சகம் வைத்துப் புத்தகம் போட்டதும் அந்த ஊரில்தான். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். டிம்பர்மேன் என்றால் என்ன வேலை என்று நம்ம எழுத்தாளர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பாறையை வெடி வைத்துக் குடைந்துகொண்டே போனால் மேலே தொங்குகிற பாறை சும்மா இருக்காது. அதைத் தாங்க முட்டுக்கட்டை கொடுக்கணும். ரெண்டு பக்கமும் கால் நிறுத்தி, மேலே குறுக்குக்கட்டை ஏற்றி, இண்டு இடுக்கில் ஆப்பு அடிச்சு இறுக்கணும். சில இடத்தில் கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிக் கூரை தொடும்வரை கொண்டுபோகணும். கீழே வேலை செய்கிற அத்தனை பேர் உயிரும் அந்த ஆப்பு உட்காருகிற விதத்தில் இருக்கு. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். பாறை தானாக வெடித்துச் சிதறுவதற்குப் பேர்போன இடம். பின்னால் கருங்கல்லும் இரும்பும் கான்கிரீட்டும் வந்தன. நைனா இருந்த காலத்தில் பல இடத்தில் மரம்தான். “கல்லு சொல்லாம வரும். மரம் சொல்லிட்டு வரும்டா. முறுக்குன்னு ஒரு சத்தம் குடுக்கும் பாரு, அப்போ ஓடணும்” என்பார். அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுவார். எங்கம்மா திட்டும்.

அந்த ஆழத்தில் முட்டுக் கொடுக்க எந்தச் சாதி ஆசாரியும் எங்களோடு போட்டிக்கு வந்ததில்லை என்று நைனா சொல்லிச் சிரிப்பார். வெளிச்சத்தில் நாற்காலி செய்வதுதான் அவங்க உரிமை. இருட்டில் கட்டை நிறுத்துவதை எவன் செய்தாலும் தீட்டு இல்லை போல.

1956ஆம் வருசம் சுரங்கங்களை மைசூர் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. துரைமார் ஒவ்வொருத்தராகச் சீமைக்குக் கிளம்பினார்கள். ஒரு துரை மரவேலைப் பைத்தியம். அவன் பங்களாச் சாமான்களை விற்றபோது நைனா போய் நின்றார். ஒரு ஸ்டான்லி ஐந்தாம் நம்பர் இழைப்புளி, பதினாலு அங்குல நீளம். கால், அரை, முக்கால், ஒரு அங்குலம் என்று நாலு உளி. முதுகில் பித்தளைப் பட்டை போட்ட சின்ன ரம்பம் ஒண்ணு. தோதகத்தி மரத்தில் பித்தளை பதித்த மூலைமட்டம். எல்லாம் சேர்த்துப் பதினேழு ரூபாய் எட்டணா. கடன் வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை, ரசீது கேட்டார். துரை சிரிச்சானாம். நைனா நகரவில்லையாம். கடைசியில் ஒரு தாளில், இன்னாருக்கு இன்னின்ன கருவிகளை விற்றேன் என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

நைனாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. அந்தத் தாளை நாலாக மடித்து ஒரு தகர டப்பாவில் போட்டுப் பெட்டிக்குள் வைத்தார். கடைசி வரை அது அங்கேயே இருந்தது.

அந்த இழைப்புளியில் முதல் முதலாக இழைத்தது படச்சட்டம். அதே வருசம் டிசம்பர் 6 அன்று பாபாசாகேப் மறைந்தார். எங்கள் லைன் முழுக்கச் சட்டம் போடச் சொல்லிக் காகிதத்தில் அச்சடிச்ச படத்தோடு வந்தாங்களாம். மூலையில் நாற்பத்தஞ்சு டிகிரி வெட்டி இணைக்கணும். நாலு மூலையில் மூணு சேர்ந்து நாலாவது வாய் பிளக்கும். எத்தனை சட்டம் கெட்டது, எத்தனை நின்றது என்று கேட்டால், “அழுதுகினே செஞ்சேன், எண்ணல” என்பார்.

ரசீது எதற்கு என்பது எனக்கு 1972இல் தெரிந்தது. பதினோரு வயசு. விடுமுறைக்குக் குடியாத்தம் பக்கம் எங்கள் ஊருக்கு வந்திருந்தோம். சொந்தக்காரர் வீட்டுக் கதவு வேலைக்காக நைனா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார். பஸ் இறங்கி நடக்கும்போது ஒரு காவலர் நிறுத்தினார். எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டார். தெருவைச் சொன்னதும் சாதி தெரிந்துவிட்டது. பெட்டியைத் திறக்கச் சொன்னார். இழைப்புளியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். வெயிலில் அது பளபளன்னு இருந்தது. “இத்த எங்கடா திருடின?”

நைனா பேசவில்லை. டப்பாவைத் திறந்தார், தாளை நீட்டினார். காவலர் ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கூட்டெழுத்து அவருக்கும் படிக்க வரவில்லை என்று எனக்கு அப்பவே தெரிந்தது. தாளைத் தலைகீழாகத்தான் முதலில் பிடிச்சார். ஆனால் வெள்ளைக்காரன் எழுத்து என்பது புரிந்தது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “வேல தெரியுமா? அப்போ எனக்கு ஒரு முக்காலி செஞ்சி குடுத்துட்டுப் போ” என்றார்.

நைனா செஞ்சு கொடுத்தார். கூலி கிடையாது, கட்டையும் எங்களுது. அதைவிட எனக்கு ஆத்திரம், அவர் அதை அவ்வளவு ஒழுங்காகச் செஞ்சதுதான். காலில் கழுந்து சீவி, பலகையில் துளை எடுத்து, ஆணி ஒண்ணு அடிக்காமல் இறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு... “ஆட்டம் குடுக்கிற மாதிரி செஞ்சா இன்னா நைனா?” என்று கேட்டேன். “அவனுக்கு இன்னா, வேற ஒண்ணு வாங்கிப்பான். நாளைக்கு எவனாச்சும் பாத்துட்டு இவனுங்களுக்கு வேல தெரியாதுன்னு சொல்லுவான்” என்றார். இதைப் பெருந்தன்மை என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். அது பயம். நல்ல கருவி வைத்திருந்தால் திருடன், கெட்ட வேலை செய்தால் சாதிக்கே பெயர். ஒரு ஆசாரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் எவனாவது ரசீது கேட்பானா? அவன் பூணூல்தான் ரசீது.

இப்போது பரம்பரை ஞானம் பேசுகிறவர்களிடம் வருகிறேன். ‘தச்சன் பிள்ளைக்கு ரத்தத்தில் வரும்’ என்கிறார்கள். படிச்சவர்கள்கூட கோயில் தேரைக் காட்டி இதைச் சொல்கிறார்கள். நான் தச்சு வேலை செய்தவரின் மகன். எனக்கு என்ன வந்தது? நைனா என்னை உளியைத் தொடவிட்டதே இல்லை. ஒருநாள் முக்கால் அங்குல உளியை எடுத்து ஒரு துண்டில் குத்திப் பார்த்தேன். அறைந்தார். “இத்த தொட்டா இங்கியே கெடப்ப. பேனாவப் புடி” என்றார். அவர் அடித்தது அந்த ஒரு தடவைதான். நான் பேனா பிடித்தேன், வாத்தியாரானேன். 1999இல் நைனா செத்தார். தங்கவயல் சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். அம்மாவோடு பெட்டியும் எங்கள் காலனி வீட்டுக்கு வந்து கட்டிலுக்கு அடியில் போனது. இருபது வருசம் அங்கேயே கிடந்தது. அதாவது எனக்கு வந்தது கருவி மட்டும், தொழில் வரவில்லை.

2019இல் ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் இழுத்தேன். இழைப்புளி முழுக்கத் துரு. அலகு அசையவில்லை. மண்ணெண்ணெயில் ரெண்டு நாள் ஊற வைத்துத் திருகைக் கழற்றினேன். பித்தளைக்கு என் மனைவி புளியைக் கரைச்சுக் கொடுத்தா. அடிப்பக்கம் மட்டமாக இருக்கணும் என்று கண்ணாடிப் பலகை மேல் உப்புத்தாளை ஒட்டி வைத்து மணிக்கணக்காகத் தேய்ச்சேன். அலகைச் சாணை பிடிக்கத் தெரியாமல் முனையை உருட்டிவிட்டேன். இருபத்தஞ்சு டிகிரிக்குச் சாய்வு எடுத்து, எண்ணெய்க்கல்லில் முப்பதுக்கு முனை தீட்டணும், பின்பக்கம் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்கணும் என்கிற சின்ன விஷயம் என் கைக்கு வர எட்டு மாசம் ஆச்சு. ரத்தம் ஒன்றும் சொல்லித் தரவில்லை. செல்போனில் எவனோ ஒரு வெள்ளைக்காரக் கிழவன் சொல்லித் தந்தான்.

வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில், ஆறடிக்குப் பத்தடி. மேலே ஷீட்டு. வேலை மேசைக்கு வாங்கினது இடிச்ச வீட்டு வாசக்கால். தேக்கு, ஆணி நிறைய. மேல்பலகை வேம்பு. பச்சை வேம்பை வாங்கி அவசரப்பட்டு இழைத்தேன். மூணு மாசத்தில் படகு மாதிரி வளைந்தது. ஒரு அங்குலப் பலகை நிழலில் ஒரு வருசமாவது உலரணும். அந்தப் படகைக் கவுத்துப் போட்டு இன்னைக்கு வரைக்கும் அதுமேல்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். மேசை உயரம் முப்பத்திமூணு அங்குலம், என் மணிக்கட்டு அளவு. ஊர் ஆசாரிகள் தரையில் குந்தி, காலால் கட்டையை அழுத்திப் பிடித்து வேலை செய்வார்கள். எங்க நைனா நின்றுதான் செய்வார், அந்தத் துரையைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. எனக்கு முட்டி வலி, அதனாலும் நிற்கிறேன்.

நைனா செய்த ஒரு ஸ்டூலை உடைச்சுத்தான் கழுந்து போடக் கற்றேன். உடைக்கும்போது கை நடுங்கிச்சு. உள்ளே பார்த்தால் கழுந்தின் ஓரத்தில் பென்சில் கோடு அப்படியே இருக்கு. அறுபது வருசம் கழித்தும் கோட்டின் இந்தப் பக்கம் அறுத்திருக்கார், கோட்டைத் தொடவில்லை. நான் கோட்டைத் தாண்டி அறுத்துக்கொண்டிருந்தேன். ஆக, எனக்கு அவர் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அந்தக் கோடு. அதையும் ஸ்டூலை உடைத்துத்தான் வாங்கினேன்.

இப்படி உடைத்துக் கற்க வேண்டிய நிலை எங்களுக்கு ஏன்? பத்தாவது முடிச்ச வருசம், நைனாவுக்குத் தெரியாமல், ஒரு ஆசாரி பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தேன். இழைப்புச் சுருள் அள்ளணும், மரத்தூளைக் கூட்டணும், தண்ணீர் நான் கொண்டுவரக்கூடாது. முழக்கோலைத் தொடக்கூடாது. ஆயுத பூஜைக்குக் கருவிகளை வரிசையாக அடுக்கிப் பொட்டு வைச்சாங்க. என்னை வெளியே நிற்கச் சொன்னாங்க, பொரி மட்டும் காகிதத்தில் வந்தது. மறுநாள் போகவில்லை. கம்மாளர்கள் பூணூல் போட்டுக்கொண்டு நாங்களும் பிராமணருக்குச் சமம், எங்கள் சடங்கை நாங்களே செய்வோம் என்று பார்ப்பானோடு நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கு நின்றவர்கள். அந்தச் சண்டையில் நியாயம் உண்டு. ஆனால் மேலே பார்த்துச் சமத்துவம் கேட்ட வாய், கீழே பார்த்து ‘முழக்கோலைத் தொடாதே’ என்றது. படிக்கட்டு மாதிரி அடுக்கி வைத்த அநீதி என்று அம்பேத்கர் விளக்கியதற்கு இதைவிட எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

அரசாங்கங்களுக்கு இந்தப் பரம்பரை மோகம் அவ்வப்போது வரும். 1953இல் ராஜாஜி, பள்ளிக்கூடத்தில் பாதி நேரம், மீதி நேரம் வீட்டில் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியாரும் மற்றவர்களும் எதிர்த்தார்கள். 1954இல் அவர் பதவி போய், காமராசர் வந்து அதை எடுத்தார். ஆசாரி மகன் மத்தியானம் வீட்டில் உளி பிடிப்பான், சரி. சேரிப் பிள்ளை மத்தியானம் வீட்டுக்குப் போய் எதைக் கற்கணும்? இந்தக் கேள்வியை அந்தத் திட்டம் தீட்டினவர்களின் முகத்துக்கு நேரே கேட்டிருக்கணும்.

எழுபது வருசம் கழித்து, 2023 செப்டம்பர் 17 அன்று, விஸ்வகர்மா ஜெயந்தி பார்த்து, பிரதமர் விஸ்வகர்மா திட்டம் வந்தது. 13,000 கோடி ரூபாய். 18 தொழில்கள், தச்சு முதல் சவரம், சலவை, செருப்பு வரை. கருவி வாங்க 15,000 ரூபாய். முதல் தவணை ஒரு லட்சம், அப்புறம் ரெண்டு லட்சம், ஐந்து சதவீத வட்டியில். பணத்தைக் குறை சொல்லவில்லை. அதன் விதிமுறையில் குடும்பம் சார்ந்த பாரம்பரியத் தொழில் என்று எழுதியிருக்கே, அங்கேதான் கல் தடுக்குது. குரு சிஷ்ய பரம்பரையைக் காப்பாற்றுவோம் என்கிறார்கள். எந்தக் குரு, எந்தச் சிஷ்யன்? தண்ணீர் கொண்டுவரக்கூடாத சிஷ்யனா? மனு முதலில் ஊராட்சி மட்டத்தில் சரிபார்க்கப்படணுமாம். எங்கள் பக்கம் ஒரு ஊராட்சியில் சென்ட்ரிங் வேலை செய்கிற பையன், 26 வயசு, இந்தத் திட்டத்தைக் கேள்விப்பட்டுத் தலைவரிடம் போனான். “நீ எப்போடா ஆசாரி ஆன?” என்று கேட்டுச் சிரித்து அனுப்பிவிட்டார்.

சென்ட்ரிங் வேலையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நாட்டில் எழும்புகிற ஒவ்வொரு கான்கிரீட் கூரைக்கும் முதலில் பலகையும் முட்டும் நிற்கணும். அளவு பார்த்து, ரசமட்டம் வைத்து, கான்கிரீட்டின் கனம் தாங்குகிற மாதிரி நிறுத்தி, பிறகு அசையாமல் பிரிக்கணும். எங்க நைனா பாதாளத்தில் செய்ததை இந்தப் பையன்கள் மூணாவது மாடியில் செய்கிறார்கள். ஆனால் அது ‘கூலி வேலை’. கதவு நிலையில் பூ செதுக்கினால் ‘கைவினை’. இந்த வித்தியாசத்தை மரமா போட்டது?

தமிழ்நாடு அரசு அந்தத் திட்டத்தை அப்படியே ஏற்க மாட்டோம் என்று 2024 நவம்பரில் எழுதியது; 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாகத் தொடங்கியது. 25 தொழில்கள், குடும்பத் தொழிலாக இருக்கணும் என்கிற நிபந்தனை இல்லை. இதை வரவேற்கிறேன், மனசாரத்தான். ஆனால் குறைந்தபட்சம் 35 வயசு வேணும் என்று வைத்திருக்கிறார்கள். இளவயசுப் பிள்ளைகள் படிப்பை விட்டு அப்பன் தொழிலுக்குப் போய்விடக்கூடாது என்பது காரணம். சரியான கவலை. ஆனால் என் சென்ட்ரிங் பையன் படிப்பை விட்டுப் பத்து வருசம் ஆகுது. டெல்லி அவனுக்கு அப்பன் சரியில்லை என்கிறது, சென்னை வயசு சரியில்லை என்கிறது. படிப்பை ஏற்கனவே விட்டவனுக்கு, அப்பன் தொழில் அல்லாத தொழிலைக் கற்க வருகிறவனுக்கு, வயசை இறக்கினால் என்ன குடி முழுகும்?

நம்ம பக்கத்திலேயே வேறு ஒரு குரல் கேட்குது. ‘நாமதான் ஆதித் தச்சர்கள், பறையின் கட்டையைச் செய்தது யார்?’ என்று. பறையின் வட்டச் சட்டத்துக்கு வளைந்த மூணு மரத்துண்டைச் சீவி, தகடு வைத்துப் பொருத்துவது லேசான வேலை இல்லை. நானும் முயன்று பார்த்துத் தோற்றேன். அந்தக் கைத்திறனுக்கு மரியாதை உண்டு. அதற்காக நாமும் ஒரு பரம்பரையைத் தயார் செய்து, அவன் பூணூலுக்கு எதிராக நம்ம வம்சாவளியைத் தூக்கிப் பிடிக்கணுமா? தாத்தா செய்தார், அதனால் எனக்கு உரிமை என்று நாமும் சொன்னால், தாத்தா செய்யாத ஆயிரம் வேலைகளுக்கு நம்ம பிள்ளைகள் எந்த முகத்தோடு போய் நிற்கும்? எனக்கு ஆதித் தச்சன் பட்டம் வேண்டாம். உளி போதும்.

எங்கள் ஊர் ஆசாரித் தெருவில் எழுபது வயசு தாண்டின ஒருத்தர். அவர் பிள்ளைகள் யாரும் தொழிலுக்கு வரவில்லை. கதவெல்லாம் ரெடிமேடாக வருது. அலமாரி வேலைக்கு ராஜஸ்தான்காரர்கள் வந்துட்டாங்க. ஒருநாள் பொழுது சாய்ந்த பிறகு எங்கள் காலனிக்குள் வந்தார். என் பட்டறையைப் பார்த்தார். ரம்பத்தைத் தூக்கி விளக்கில் காட்டி, “பல்லு ஒரே பக்கம் சாஞ்சிருக்கு, அதான் இழுக்குது” என்றார். அரத்தை வாங்கி, ஒண்ணுவிட்டு ஒண்ணாகப் பல்லை ஒதுக்கிக் காட்டினார். நான் கொடுத்த தண்ணீரைக் குடிச்சார். போகும்போது, “நான் வந்தேன்னு வெளிய சொல்லாதீங்க வாத்யாரே” என்றார். அவர் பெயரை எழுதவில்லை. அன்றிலிருந்து என் ரம்பம் நேராகப் போகுது. இதை நன்றியோடு எழுதுகிறேன், கோபத்தோடும் எழுதுகிறேன். ரெண்டும் இருக்கு.

கடைசியாகப் பெங்களூர்க்காரர். என் மகன் அங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருக்கான். அவனோடு வேலை செய்கிறவர் ஒருத்தருக்கு மரவேலை ‘ஹாபி’. சனி ஞாயிறு வகுப்புக்கு ஆயிரக்கணக்கில் கட்டிப் போகிறார். இப்போது அங்கே இது ஒரு வழக்கம் போலிருக்கு. மடிக்கணினியை மூடிவிட்டு ரெண்டு மணி நேரம் இழைத்தால் மனசு அமைதியாகுதாம். அமைதியாகட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனோடு வீட்டுக்கு வந்தார். நல்ல மனுசன், தட்டில் போட்டதைச் சாப்பிட்டார், உழைப்பின் மேன்மை பற்றிப் பேசினார். அவங்க தாத்தா காலத்தில் கையால் வேலை செய்தால் தீட்டாக இருந்தது, பேரன் காலத்தில் அதுவே தியானம். நடுவில் அந்த வேலையை உயிரைக் கொடுத்துச் செய்தவன் எங்கே போனான்?

இழைப்புளியைப் பார்த்ததும் அவர் கண் விரிந்தது. கையில் எடுத்தார். எடை பார்த்தார். இங்கிலாந்தில் செய்தது, இப்போது இந்த மாதிரி கிடைக்காது, விலைக்குத் தருவீர்களா என்றார். அப்புறம் சாதாரணமாக, எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல், கேட்டார்: “இது உங்களுக்கு எப்படி சார் கிடைச்சுது?”

நான் 35 வருசம் வாத்தியாராக இருந்தவன். பென்ஷன் வாங்குகிறவன். என் சொந்த வீட்டில், என் சொந்த மேசைக்கு முன்னால் நிற்கிறேன். என் கை தானாகப் பெட்டிக்குள் போய் அந்தத் தகர டப்பாவைத் தேடுது. டப்பாவைத் தொட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. கையை வெளியே எடுத்தேன். “எங்க நைனா வாங்கினார். விக்கிறதுக்கு இல்ல” என்றேன். மகன் என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு 1972 தெரியாது. அன்று ராத்திரி சொன்னேன்.

தோழர், இதுதான் என் பதில். பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன் என்று கேட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மூணு பேர் வருகிறார்கள். அந்த சென்ட்ரிங் பையன், கல்லூரியில் படிக்கிற இன்னொரு பையன், பன்னிரண்டாவது படிக்கிற ஒரு பெண். எங்க நைனா எனக்குச் சொன்னதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. பேனாவையோ உளியையோ கீழே வை என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு இடது கைப் பழக்கம், ஆனாலும் கோட்டை விட்டு விலகாமல் அறுக்குது. காலனிப் படிப்பகத்துக்கு ஒரு புத்தக அலமாரி செய்துகொண்டிருக்கிறோம், ஆறடி உயரம், ஐந்து தட்டு. மூணு தட்டு முடிஞ்சுது. நாலாவதுக்குப் பலகை உலரணும்.

கருவிதான் பத்தவில்லை. நாலு பேருக்கு ஒரே இழைப்புளி. சுரங்கத்திலோ ரயில்வேயிலோ மிஷன் தொழிற்பள்ளியிலோ வேலை பார்த்த உங்கள் பெரியவர்களின் பெட்டி எங்காவது கட்டிலுக்கு அடியில் கிடந்தால் வெளியே இழுத்துப் பாருங்கள். பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். நீங்கள் பயன்படுத்துவதாக இருந்தால் ரொம்ப நல்லது, முதலில் மண்ணெண்ணெயில் ரெண்டு நாள் ஊறப் போடுங்கள். வேண்டாம் என்றால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு எழுதுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கொடுக்கும்போது ஒரு தாளில், இன்னாருக்குக் கொடுத்தேன் என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.